மரதன் ஓடும் மகனுக்கு, சின்னப் பாலத்திலிருந்து

மகனே,

இந்தக் கடிதத்தை உன்னிடம் கொண்டுவந்து தருகிறவன், கந்தப்பளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றிப்போகும் லொறியின் டிரைவர். ஒரு காலத்தில் என்னிடம் கிளீனராக இருந்தவன். அவன் சட்டையில் அழுகின கோவா இலை வாசம் அடித்தால் முகம் சுளிக்காதே, ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடு. போன் இருக்கும்போது அப்பாவுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். சிக்னல் வேண்டுமென்றால் நான் தண்ணித் தொட்டி வரைக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். ஏறினாலும் என்ன பிரயோசனம்? நான் வாயைத் திறப்பதற்குள் "சரிப்பா, சரிப்பா, பாத்துக்கலாம்பா" என்று கதவைச் சாத்திவிடுவாய். கடிதத்தை அப்படிச் சாத்த முடியாது. மனசு வந்தால் கிழித்துப் போடலாம். அதற்கும் முன்னால் படித்துவிடு.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாப்பாவுக்கு வந்தது சும்மா காய்ச்சல் இல்லை. அது எதனால் வந்தது என்று உனக்குத் தெரியாது, தெரிய வேண்டாம் என்று மலர் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். உன் பெண்டாட்டி தங்கமான பிள்ளை, அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறுவது எனக்கு நெஞ்சைக் குத்துகிறது. ஆனாலும் மீறுகிறேன். இன்னொன்று: சனிக்கிழமை காலை பஸ்ஸில் மலர் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வலப்பனைக்கு, தன் தகப்பன் வீட்டுக்குப் போகிறாள். ஒரு வாரம் இருந்துவிட்டு வரும் போக்கு இல்லை அது. தன் டீச்சர் வேலைக்கு அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்டு எழுதிப் போட்டுவிட்டாள். உனக்கு ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் மரதன் ஓட்டம். கடிதம் உன் கைக்கு வெள்ளிக்கிழமை வந்து சேரும். கணக்கை நீயே பார்த்துக்கொள்.

நீ எப்போது ஓட ஆரம்பித்தாய் என்று யாராவது கேட்டால், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் என்கிறாய். யாரிடம் காது குத்துகிறாய்? நீ ஓட ஆரம்பித்தது என் லொறிக்குப் பின்னால். ஸ்டோரில் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குக் கிளம்பினால், நம் லயத்து வீட்டு வரிசையைத் தாண்டும்போது முதல் கியரில் முனகிக்கொண்டுதான் லொறி போகும். கழன்று விழுகிற காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நீ பின்னால் ஓடிவருவாய். சின்னப் பாலத்தில் நிறுத்தி இறங்குவேன். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உன்னைத் தூக்கி உட்காரவைத்து, கையில் ஒரு டொபி கொடுத்து, "போ, அம்மாகிட்ட ஓடு" என்று முதுகைத் திருப்பி விடுவேன். லயமே உன்னை லொறிப் பயல் என்று கூப்பிட்டது. எனக்கு அதில் ஒரே பெருமை. என் மகன் லொறியையே விரட்டுகிறான் என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தேன். என் புத்திக்கு அது விளையாட்டு. குழாயடியில் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த உன் அம்மாவுக்கு அப்படித் தெரியவில்லை.

ஒரு நாள் பெட்டி ஏற்றப் பிந்திவிட்டது. பாலத்தில் நான் நிறுத்தவில்லை. கண்ணாடியில் நீ ஓடிவருவதைப் பார்த்தேன், அப்புறம் பனிமூட்டம் மூடிவிட்டது, நான் போய்விட்டேன். பாலத்தைத் தாண்டியும் ஓடிவந்து நீ விழுந்து தாடை கிழிந்ததும், டிஸ்பென்சரியில் தையல் போட்டதும், கொழும்பு போய்த் திரும்பிவந்த பிறகுதான் எனக்குத் தெரியும். உன் மூஞ்சியில் கட்டைப் பார்த்ததும் எனக்குப் பித்தம் தலைக்கேறியது. "கொழும்பு ஆபீசுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லச் சொல்லியிருந்தா லொறிய அப்பவே திருப்பியிருப்பேன்டி" என்று கத்தினேன். உன் அம்மா அடுப்பை விட்டு நிமிரவே இல்லை. "திருப்பியிருக்க மாட்டீங்க. அதான் சொல்லல" என்றாள்.

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த ஒரு சொல் மட்டும் என்னோடு இருக்கிறது. திருப்பியிருப்பேனா, மாட்டேனா? சத்தியமாக எனக்குத் தெரியாது மகனே. தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாய்ப்பே கொடுக்காமல் அவளாக முடிவுகட்டிவிட்டாள். இப்போது மலரும் அதையே செய்கிறாள். அதனால்தான் வாக்கை மீறுகிறேன்.

நீ ஓடுவதை நான் ஒரு நாளும் தடுக்கவில்லை, அதை நீ ஒத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்து ஆட்கள் உன்னைப் பற்றிப் பேசாத பேச்சா? "நாய்கூட சும்மா ஓடாதுங்க, இவன யாரு தொரத்துறா?" என்று கங்காணி என் முகத்துக்கு நேராகவே கேட்டார். "மலையேறி எறங்குறது பத்தாம ஓட வேற செய்றானா?" என்று பக்கத்து வீட்டு லெட்சுமி சிரித்தாள். யுத்தத்தில் ஆமி வழிமறித்த காலத்திலும் நீ இருட்டோடு எழுந்து, அடையாள அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாய். தமிழ்ப் பயல் இருட்டில் ஓடினால் யார் என்ன நினைப்பார்கள் என்று பயந்து, நீ திரும்பி வரும்வரை வாசலிலேயே நிற்பேன். வந்ததும் ஒன்றும் தெரியாதவன் போல ரேடியோவைத் திருகுவேன். நுவரெலியாவில் நீ முதலாவதாக வந்த அன்றைக்கு, டவுனில் அறிமுகமில்லாத ஆட்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அதை மறந்துவிட்டு, அப்பாவுக்கு ஓட்டம் பிடிக்காது என்று மலரிடம் சொன்னாயாமே. நல்லா இருக்குப்பா உன் நியாயம்.

பிறகு உரக் கம்பெனி வேலை வந்தது, கலியாணம் வந்தது, பாப்பா வந்தாள். யுத்தம் ஓய்ந்து வடக்குப் பாதை திறந்ததும் உன் கம்பெனி உன்னை யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு என்று பந்து மாதிரி உருட்டியது. வீட்டுக்கு வருவது இரண்டு நாள். அதிலும் விடிகாலையில் ஓட்டம், பகலில் தூக்கம், சாயங்காலம் ஓடின சப்பாத்தைத் துடைத்துப் பை கட்டுதல். அதைத் தப்பு என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, ஸ்டியரிங் பிடித்தே காலத்தைக் கழித்தவன் நான். ஒரு நாள் நீ கால் விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டே சொன்னாய்: "ஓடுறப்பதாம்பா யாரும் என்னைய கூப்பிட மாட்டாங்க." எனக்குப் புரிந்தது. கம்பெனி கூப்பிடும், கடன்காரக் கடைக்காரன் கூப்பிடுவான், வீட்டில் அரிசி கூப்பிடும். லொறிக் கதவைச் சாத்தினால் எனக்கும் அந்த நிம்மதி வரும். ஆனால் மகனே, நீ ஒன்றை மறந்துவிட்டாய். உன்னைக் கூப்பிடாதவர்கள் உனக்காகக் காத்திருக்காதவர்கள் என்று அர்த்தமில்லை.

பாப்பா விஷயத்தில் நீ நல்லதாக ஒன்று செய்தாய். அதையும் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளையும் தோளில் தூக்கிப்போய், அதே சின்னப் பாலத்துச் சுவரில் உட்காரவைத்து, நீ ரோட்டில் மேலேயும் கீழேயுமாக ஓடுவாய். ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் அவள் கையில் தட்டிவிட்டுப் போவாய். மலர் தூரத்தில் நின்று பார்ப்பாள். அந்தக் காலைகளில்தான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். "அப்பா வர்ற வரைக்கும் இந்த எடத்த விட்டு எந்திரிக்கக் கூடாது, சரியா?" என்று நீ சொல்ல, பாப்பா பெரிய மனுசி மாதிரித் தலையாட்டுவாள்.

இனி அந்தக் காலை. முந்தின சாயங்காலம்தான் நீ வீட்டுக்கு வந்திருந்தாய். பையை அன்றைக்கே திரீவீலரில் கந்தப்பளைக்கு அனுப்பிவிட்டாய். விடியுமுன் ஓடிப்போய், டவுனில் சிநேகிதன் கடையில் குளித்து, அங்கிருந்தே கம்பெனி வேனில் வடக்கே போவதாக ஏற்பாடு. ஓட்டமும் ஆச்சு, பயணமும் ஆச்சு என்றாய். நீ வாசலில் சப்பாத்துக் கட்டும் சத்தத்தில் பாப்பா விழித்திருக்கிறாள். நீ போன பிறகு சுவெட்டரை மாட்டிக்கொண்டு, வாசலில் கிடந்த என் பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு அவளும் போயிருக்கிறாள். மலர் குளித்துக்கொண்டிருந்தாள். வந்து பார்த்தவள் போர்வை சுருண்டு கிடந்ததைக் கண்டு பிள்ளை தூங்குகிறது என்று நினைத்துப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் எழுந்தபோது போர்வைக்குள் பிள்ளை இல்லை. எனக்கு ஒரு சொட்டுப் பதற்றமும் வரவில்லை. ஏன் தெரியுமா? நம் லயத்து வழக்கம் உனக்குத் தெரியும். கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர்களில் யார் முதலில் தாண்டுகிறார்களோ அவர்கள் அடுத்த வீட்டுப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்ப் ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விடுவார்கள். உன்னையும் அப்படித்தான் தூக்கிப் போனார்கள். "புள்ளைய கொண்டு போறேன்" என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள், பல நாள் அதுவும் இருக்காது. லெட்சுமி தூக்கிப் போயிருப்பாள் என்று நான் பிளேன்டீ குடித்தேன். செய்தி கேட்டேன். நகம்கூட வெட்டினேன். லெட்சுமியோ, நம் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்து, தகப்பன் வந்திருக்கிறான், பிள்ளை வீட்டில் இருக்கட்டும் என்று போய்விட்டாள். என் செருப்பைக் காணவில்லை என்றுகூட நான் யோசிக்கவில்லை. அந்தக் காலையில் பிள்ளைக்குக் காவல் நான்தான். மறைக்க ஒன்றும் இல்லை.

தேத்தண்ணி நேரத்தில் லெட்சுமி தன் கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கப் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தவள், போகிற வழியில் நம் வாசலில் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, பாப்பாவுக்கு ஒடம்புக்கு முடியலையா? இன்னைக்கு அங்கன காணோமே" என்றாள். ஐயோ மகனே, ஓடிப்போய்ப் போர்வையை மறுபடி உதறிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்ததும் வாசலிலிருந்தே மலையைப் பார்த்துக் கத்தினாள். கங்காணி விசில் ஊதினார். பெண்கள் கூடையைத் தேயிலை நிரையிலேயே போட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தார்கள். தூறல் வேறு, பத்தடிக்கு அப்பால் தெரியாத பனி வேறு. ஆளுக்கொரு வடிகால் கானாக, ஆற்றோரமாக, தண்ணித் தொட்டிப் பக்கமாகத் தேடினார்கள். தொட்டிக்குள் கம்பு விட்டுப் பார்த்ததை நான் பார்த்தேன். அது என் கண்ணை விட்டுப் போகாது. அன்றைக்குப் பல பேருக்குக் கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர்தான் விழுந்தது, அரைநாள் சம்பளம்தான். ஒருத்திகூட வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் எனக்குச் சின்னப் பாலம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்தப் பக்கம் கொழுந்து எடுக்கவில்லை, அதனால் யாரும் அவ்வழியே போகவில்லை. நான் நொண்டிக்கொண்டு ஓடினேன். உன் அப்பன் ஓடினதைப் பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய். அவள் அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் லீக்ஸ் தோட்டக்காரர், சிங்கள மனுசர், ஒரு உரச்சாக்கை அவள் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். உன் கம்பெனிச் சாக்குத்தான். "புள்ள வரமாட்டேன் சொல்லுது. நம்ம தூக்கினா கடிக்குது" என்று கையைக் காட்டினார். பாப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. நான் தூக்கப் போனால் என் கையையும் தட்டிவிட்டாள். "எந்திரிக்கக் கூடாதுன்னு அப்பா சொன்னாங்க தாத்தா. அப்பா இன்னும் வரல" என்றாள்.

உன் சொல்லை அவள் காப்பாற்றினாள். ரோட்டில் இறங்கியிருந்தால் அந்தப் பனியில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கும். அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனால் நீ ஏன் அவளைப் பார்க்கவில்லை? அதையும் நீயே சொன்னாய். அன்றைக்குப் பின்னேரம் தம்புள்ளையிலிருந்து போன் எடுத்தாய். பிள்ளையை வார்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் பேசினேன். "பிந்திருச்சுன்னு பாலத்துப் பக்கம் போகலப்பா. தேயிலைக்குள்ள குறுக்கால எறங்கிட்டேன். நல்ல டைம் அடிச்சேன்" என்று சந்தோசமாகச் சொன்னாய். மலர் எனக்கு முன்னால் நின்று, சொல்ல வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான், "பாப்பாவுக்குக் கொஞ்சம் காய்ச்சல்" என்றேன். "பனடோல் குடுங்கப்பா, ஓட்டம் முடிஞ்ச கையோட வந்துர்றேன்" என்றாய். உன்மேல் எனக்குக் கோபம் வந்ததா? வந்தது. போனை வைத்துவிட்டுச் சுவரில் குத்தினேன், வலித்தது என் கைதான்.

நெஞ்சுச் சளி இறங்கும்வரை மலர் கட்டில் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஏன் சொல்ல விடமாட்டேன் என்கிறாய் என்று அவளிடம் கேட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. "சொன்னா ஓடி வருவாங்க மாமா. அழுவாங்க. என் காலக்கூட புடிப்பாங்க. ரெண்டு நாள் இருப்பாங்க, பொறகு பை கட்டுவாங்க. தோட்டத்துல அர நாள் வந்தா அரப்பேரு போடுறாங்கல்ல, நானும் அவங்களுக்கு இத்தன வருசமா அரப்பேரு போட்டுத்தான் வச்சிருக்கேன். இனி முடியல. வந்தா முழுசா வரணும், இல்லாட்டி வேணாம்" என்றாள். உன் அம்மா இதை எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை, நான் கேட்கும் நேரத்தில் வீட்டில் இருந்ததில்லை.

உபதேசம் செய்ய எனக்கு வராது. லொறி ஓட்டினவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஏறின கியரில்தான் இறங்க வேண்டும். இறம்பொடை இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டவர்களின் லொறிகள் எங்கே கிடந்தன என்று நான் பார்த்திருக்கிறேன். நீ வேலைக்குப் போகும்போதும் ஓடும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறாய். வீட்டுக்கு வரும்போது மட்டும் நியூட்ரலில் வருகிறாய். வீடுதானே, தானாக ஓடும் என்று. அது தானாக ஓடுவதில்லை, மகனே. இவ்வளவு நாளும் மலர் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள்.

மரதனை விட்டுவிட்டு வா என்று நான் எழுதமாட்டேன். நீ அதற்காகச் சிந்தின வேர்வை எனக்குத் தெரியும். ஓடிவிட்டு வா, பெண்கள் அப்படித்தான், பிறகு சமாதானம் செய்யலாம் என்றும் எழுதமாட்டேன். அப்படி எழுதினால் உன் அம்மா ஆவியாக வந்து என் மண்டையில் போடுவாள். நீ வந்தாலும் மலர் பஸ் ஏறாமல் இருப்பாள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அவள் மனசு விட்டுப்போன மனசு. அவள் பெட்டியை நான்தான் தூக்கிக்கொடுக்கப் போகிறேன், அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். ஆனால் உன் அம்மா எனக்குத் தராத ஒன்றை நான் உனக்குத் தருகிறேன். உனக்கு இப்போது எல்லாம் தெரியும். லொறியைத் திருப்புவாயா, மாட்டாயா என்று நீயே பார்த்துக்கொள்.

ஒன்று மட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து பாப்பா தினமும் காலையில் சின்னப் பாலத்துக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கூட்டிப் போகாவிட்டால் சாப்பிடுவதில்லை. அதனால் குல்லா மாட்டி, என் குடையையும் எடுத்துக்கொண்டு கூட்டிப்போகிறேன். "அப்பா கொழும்புல ஓடிக்கிட்டிருக்காங்க, ரொம்ப தூரம், அதான் லேட்டு" என்று எனக்கே ஆறுதல் சொல்கிறாள். சனிக்கிழமையும் பஸ் வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருப்போம்.

வருவதாக இருந்தால், எவ்வளவு பிந்தினாலும் பரவாயில்லை, குறுக்கு வழியில் இறங்காதே. ரோட்டு வழியாக வா.

அப்பா